கை அகலம் மேற்கே

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று யாரோ ஏசுஅடிமையை மனதில் வைத்துத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

கடியப்பட்டணத்துக்கு அப்பால் முள்ளன்துறை. அதன் துறைமுக வாய்க்கு எதிரே கடலுக்குள் ஒரு பாறை. வெள்ளைக்காரன் காலத்தில் மிளகுக் கப்பலொன்று அதில் மோதி உடைந்த பிறகுதான் பாறைமேல் விளக்கு வந்தது. அதற்கு முன்னால் அங்கே செத்த கட்டுமரக்காரர்களுக்காக ஒருத்தனும் திரிகூடக் கொளுத்தவில்லை. முதலில் எண்ணெய் விளக்கு. அங்கேயே தங்கிக் காவல்காரன் பார்த்துக்கொண்டான். இப்போது சோலார். வாரத்துக்கொரு தடவை வள்ளத்தில் போய்ப் பறவை எச்சத்தைத் துடைத்து, பேட்டரியைப் பார்த்துவிட்டு வர ஒரு ஆள் போதும். அந்த ஆள்தான் ஏசுஅடிமை. ஊருக்கு அவர் லைட்டுக்காரர்.

இருட்டில் துறைக்குள் வருகிறவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. கையை நீட்டிப் பிடித்தால், பாறை விளக்குக்கு ஒரு கை அகலம் மேற்கே, கரையில் மாதா கோயில் கோபுர விளக்கு தெரிய வேண்டும். அப்படித் தெரிந்தால் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே வரலாம். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. கடலுக்குப் போகிற கைக்கெல்லாம் தெரியும்.

பழைய கோயில் போதவில்லை என்று, கிழக்கே கிடந்த மேட்டில் வளைகுடாப் பணத்தில் புதுக் கோயில் எழும்பியது. ஏசுஅடிமையும் மணல் சுமந்தார். கோயிலை மந்திரித்துத் திறந்த அர்ச்சிப்பு நாளில் பழைய கோபுர விளக்கை அணைத்துப் புதியதைப் போட்டார்கள். வெடி, பேண்டு மேளம், கைதட்டல். விளக்கு இடம் மாறினால் கை அகலமும் பொய்யாகும் என்று, வயசுக்கும் கடலில் கிடந்த அத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஏசுஅடிமைக்கும் தோன்றவில்லை.

விருந்துக்கு மீன் பிடிக்கிறேன் என்று அன்று மதியம் தனியாகப் போயிருந்த பிரைட்டன், பொழுது சாய்ந்து மழையோடு திரும்பினான். ஏசுஅடிமையின் மகள் ஜெப்சியின் புருசன் அவன். பழகிய கை அகலத்தைப் பிடித்துத்தான் வந்திருப்பான். வள்ளம் அலைத்தடுப்புக் கல்லில் மோதிச் சிதறியது. உடல் மறுநாள் கிடைத்தது.

பாறை விளக்கு எரியவில்லை என்று அடக்கத்துக்கு முன்பே ஊர் தீர்மானித்துவிட்டது. எரிந்ததைப் பார்த்ததாகச் சொல்ல ஆளில்லை. எல்லார் கண்ணும் புதுக் கோபுரத்தில் இருந்தது. ஏசுஅடிமையின் கண்ணும்தான்.

எரிகிறதா என்று பார்க்க இருட்டியதும் அவரே வள்ளமெடுத்துப் போனார். விளக்கு ஒழுங்காக எரிந்தது. திரும்பும்போது தன்னையறியாமல் கையை நீட்டினார். கை காட்டிய வழியில், நேர் முன்னே அலைத்தடுப்புக் கல் நின்றது. வள்ளத்தை வெட்டித் திருப்பி, விளக்கில்லாத பழைய கோபுரத்தைத் தேடினார்.

ஊர்க்கூட்டத்தில் எழுந்து அதைச் சொன்னார். கமிட்டித் தலைவர் செல்வன் முழுக்கச் சொல்ல விடவில்லை.

"கோயிலையா குத்தம் சொல்லுதீரு? போன வருசம் உம்ம லைட்டு அணஞ்சுதானே கெடந்துச்சு?"

கிடந்தது உண்மைதான். பேட்டரி கேட்டு எழுதி, வர ஒரு மாசமானது. ஊர்வாயை மூட உலைமூடி ஏது? உட்கார்ந்துவிட்டார்.

வீட்டில் ஜெப்சி கேட்டாள். "லைட்டு கத்திச்சா, அணஞ்சு கெடந்துச்சா? அத மட்டும் சொல்லும்."

"கத்திச்சு மக்கா."

"நீரு பாத்தீரா?"

பொய் சொல்லியிருக்கலாம். மகளிடம் அது வரவில்லை. "பாக்கல்ல" என்றார். அதற்குப் பிறகு அவள் அவருக்குச் சோறு போட்டாள், பேசவில்லை.

கூட்டத்தில் கத்தியவர்கள் யாரும் அதன் பிறகு இருட்டில் கை அகலத்தை நம்பித் துறைக்குள் வரவில்லை. வெளியே கிடந்து விடிந்தபின் வந்தார்கள். இதை யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. ஆண்டு நினைவுக்குக் கமிட்டி ஒரு முடிவெடுத்தது: இடிக்காமல் கிடந்த பழைய கோபுரத்தில் மறுபடி ஒரு விளக்கு, பிரைட்டன் பெயரில். புதுக் கோபுர விளக்கைக் கடல் பக்கம் தெரியாமல் திருப்பி வைத்தார்கள். என்ன நேர்த்தி பாருங்கள்! தப்பைத் திருத்தியாயிற்று, தப்பு செய்தவன் மட்டும் ஏசுஅடிமையாகவே இருந்துகொண்டான்.

சாமியார் மந்திரித்தார். ஜெப்சி சுவிட்சைப் போட்டாள். ஏசுஅடிமை யாரும் கவனிக்காதபடி வள்ளமெடுத்துத் துறைக்கு வெளியே போய், கரையைப் பார்த்துக் கையை நீட்டினார். சரியாக ஒரு கை அகலம்.

எல்லாரும் கலைந்த பிறகு, கரையேறிய அவரிடம் ஜெப்சி வந்தாள். ஒரு வருசத்தில் அவளாக வந்து பேசியது அன்றைக்குத்தான்.

"இந்த லைட்டையாவது அணையாம பாத்துக்கிடும், அப்பா."

"சரி மக்கா" என்றார் அவர்.