இரண்டு வரிக்கு இடமில்லை

மஞ்சள் நிறத்தில் அரைத்தாள். மேலே அச்சடித்த ஒரு கேள்வி, கீழே எழுதுவதற்குக் கொஞ்சம் இடம். நீலப் பேனாவை அழுத்திப் பிடித்து என் அண்ணன் அதில் இரண்டு வரி எழுதியிருக்கிறான். அந்த அழுத்தம் தாளின் மறுபக்கத்தில் விரலுக்குத் தட்டுப்படும். நாலு வருடமாக அது என் கைப்பையின் உள் அறையில் இருக்கிறது. பாசத்தால் வைத்திருக்கவில்லை. அந்த இரண்டு வரியையும் திருடியவள் நான்.

கண்டி நகரத்தில் ஒரு மண்டபத்தின் காரியாலயத்தில் வேலை செய்கிறேன். மாதம் ஒருமுறை அங்கே வெளிநாட்டுப் படம் போடுவார்கள். கதிரைகளை வரிசைப்படுத்துவது, தேநீருக்குச் சொல்வது, படம் முடிந்ததும் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்று கருத்துத் தாள்களை வாங்கித் தட்டச்சு செய்வது எல்லாம் என் வேலை. நல்ல கருத்துகளை ஒரு துண்டுப் பிரசுரமாக அச்சடித்து அடுத்த மாதம் கொடுப்போம். வருகிறவர்கள் படித்த ஆட்கள். தங்கள் கருத்து அச்சில் வந்திருக்கிறதா என்று முதலில் பார்ப்பார்கள், பிறகுதான் உட்காருவார்கள்.

அந்த மாதம் போட்டது ஒரு விசித்திரமான படம். வானிலை நிலையத்தில் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு ஒரு கம்பெனி ஏழு குடைகளை அனுப்புகிறது. ஒவ்வொரு குடையை விரித்தாலும் குடைக்கு உள்ளே மழை பெய்யும். மழை விட்டதும் அவள் வேறொரு வாழ்க்கையில் நிற்பாள். முன்பு ஒரு நாள் வேண்டாம் என்று சொன்னதற்கு ஆம் என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ, அந்த வாழ்க்கை. ஒன்றில் மீன் விற்கிறாள். ஒன்றில் அவளுடைய செத்த பிள்ளை வளர்ந்து பெரியவனாகி அவளுக்கே முகவரி சொல்கிறான். ஒன்றில் அவளுடைய வீடு கால் முளைத்துக் கடலுக்குள் நடக்கிறது. கடைசியில் ஏழு குடைகளையும் எறிந்துவிட்டுச் சும்மா மழையில் நனைகிறாள். அவ்வளவுதான் படம்.

அண்ணனை நான்தான் கூப்பிட்டேன். ஒரு நாள் லீவு போட்டு வந்தான். மஹய்யாவவில் மாநகரசபைத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லைனிலிருந்து மண்டபத்துக்கு நடக்கிற தூரம்தான், ஆனால் அதுவரை அவன் உள்ளே வந்ததில்லை. வாசலை மட்டும் கூட்டியிருக்கிறான். கண்டி ரோட்டைக் கூட்டுவது அவன் வேலை. பெரஹரா ஊர்வலத்தில் ஊரே யானையைப் பார்க்கும், என் அண்ணன் யானைக்குப் பின்னால் தள்ளுவண்டியோடு போவான். அன்றைக்கு இரண்டு தரம் குளித்து, கல்யாணத்துக்குப் போடுகிற சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து கடைசி வரிசையின் ஓரக் கதிரையில் உட்கார்ந்தான்.

படம் முடிந்து தேநீர் கொடுத்தபோது ஒரு அம்மா தன் காலிக் கோப்பையை அவன் கையில் நீட்டினார். அவனைத் தெரிந்து கொடுக்கவில்லை. கையைப் பார்த்துக் கொடுத்தார். அவன் வாங்கிக் கொண்டான். அதைப் பார்த்துப் பக்கத்தில் இருந்த இன்னும் இரண்டு பேர் கொடுத்தார்கள். அவன் மூன்று கோப்பைகளையும் மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். "படம் பாக்க வந்தாலும் வேல விடுதில்ல புள்ள" என்றான்.

பிறகு கலந்துரையாடல். நடத்தியவர் ஒரு விரிவுரையாளர். உங்களிடம் அந்தக் குடைகள் இருந்தால் எதை விரிப்பீர்கள் என்று கேட்டார். வங்கியில் வேலை செய்யும் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் எழும்பி, "ஓம், நான் கனடாவுக்குப் போயிருக்கலாம் எண்டு இப்பவும் யோசிக்கிறனான். இவர் சம்மதிக்கேல்ல" என்று பக்கத்திலிருந்த கணவரைக் காட்டினார். கணவர் கூரையைப் பார்த்தார். புடவைக்கடை நானா ஒருவர், "மனுசன் எடுக்கிற முடிவுக்கு மேல அல்லாட முடிவு எண்டு ஒண்டு ஈக்கி. அத இந்தப் படத்தில ஒருத்தரும் செல்லல்லையே" என்றார். ஒரு இளம்பிள்ளை தான் எடுக்காமல் விட்ட பாடத்துக்காக அழுதது. கடைசியில் விரிவுரையாளர் சொன்னார்: "எனக்குத் தேர்வே இருக்கவில்லை என்று சொல்கிறவர், தான் தேர்ந்ததை மறைக்கிறார். நாம் எல்லோரும் தேர்ந்துதான் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறோம்." எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டியிருப்பேன்.

அண்ணன் கையை உயர்த்தினான்.

"சேர், அந்தப் பொம்பளைக்குக் கம்பெனிக்காரன் கொட அனுப்புனான். கொடயே வராத ஆளுக்கு என்ன கேள்வி?"

மண்டபம் சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை. குழந்தை ஏதாவது பேசினால் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. விரிவுரையாளரும் சிரித்து, "சுவையான கருத்து" என்று சொல்லி அடுத்தவரிடம் போனார். அண்ணன் உட்கார்ந்தான். மஞ்சள் தாளை எடுத்து முழங்காலில் வைத்து எழுதினான்.

மறுநாள் தட்டச்சு செய்யும்போதுதான் அதைப் படித்தேன். இப்படி எழுதியிருந்தான்:

இதே மழைதான் சேர்.
ஆனா நனைக்க முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இதற்குப் பின்னால் உள்ளதைச் சொன்னால்தான் நான் செய்தது விளங்கும். எங்கள் லைனில் வேலையும் வீடும் ஒன்று. வீட்டில் யாராவது ஒருவர் ரோட்டு வேலையில் இருக்கும்வரை அந்த ஒன்றரை அறை எங்களுக்கு. யாருமில்லை என்றால் சாமானைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். அப்பா செத்தபோது அண்ணன் உயர்தர வகுப்பில் இரண்டாம் வருடம். கணக்குப் பிரிவில் படித்தான். அப்பாவின் கருமாதி முடிந்து இரண்டாம் நாள், ரோட்டு வேலைக்குப் பொறுப்பான ஓவசியர் அப்பாவின் வேலைக்கான படிவத்தோடு வந்து வாசலில் நின்றார். அண்ணன் ரொட்டி தின்றுகொண்டிருந்தான். அம்மா படிவத்தை வாங்கி அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். பேனாவையும் வைத்தார். யாரும் ஒன்றும் பேசவில்லை. அவன் எழும்பிக் கை கழுவிவிட்டு வந்து ஈரக் கையோடேயே கையெழுத்துப் போட்டான். மை கலைந்தது. ஓவசியர் ஊதிக் காயவைத்துக் கொண்டு போனார். நான் எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்குப் பின்னால் நின்று, வீடு போகாது என்று சந்தோஷப்பட்டேன். அவனுடைய ரொட்டியில் மிச்சமிருந்ததை நான்தான் தின்றேன்.

அந்தக் கையெழுத்தால் நான் உயர்தரம் வரை படித்தேன். தட்டச்சு படித்தேன். மண்டபத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தேன். ஆகவே அந்த இரண்டு வரியும் விரிவுரையாளருக்கு எழுதப்பட்டவை இல்லை என்பது படித்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. அவை எங்களுக்கு. அம்மாவுக்கும் எனக்கும். அவன் பழி சொல்லவில்லை. இதே மழைதான் என்றுதான் சொல்கிறான். கேட்டிருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பான். நாங்கள் கேட்கவில்லை, அவ்வளவுதான். இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாகக் கேட்கவில்லை.

நான் என்ன செய்தேன்? அவன் கருத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 'படம் சிந்திக்க வைத்தது. மஹய்யாவ ரசிகர்' என்று அடித்தேன். அவனைப் பார்த்து மறுபடியும் சிரிப்பார்கள், அதைத் தடுக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். எனக்கு வலித்தது, அதனால் எடுத்தேன்.

பிரசுரம் வந்ததும் அவன் கேட்டு வாங்கிப் படித்தான். பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தான்.

"நான் எழுதுனது எங்க புள்ள?"

"எடம் பத்தலண்ணே."

"ரெண்டு வரிக்கா?"

அவன் பிரசுரத்தை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்குக் கீழே வைத்தான். மேசையை அசைத்துப் பார்த்தான். "இப்ப ஆடல" என்றான். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவன் பேசியதே இல்லை. பேசியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அது எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

அடுத்த வருடம் அவன் முழங்கால் போய்விட்டது. வண்டி தள்ள முடியாது. மறுபடியும் ஒரு ஓவசியர், மறுபடியும் ஒரு படிவம். இந்த முறை அண்ணன் மகளின் பெயருக்கு. அவள் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறுக்குக் காத்திருந்தாள். அம்மா படிவத்தை வாங்கி மேசையில் வைத்தார். அண்ணி சுவரைப் பார்த்தார். நான் என்ன செய்தேன் என்று எழுத எனக்கு வெட்கம்தான், ஆனாலும் எழுதத்தான் வேண்டும். நான் பேனா தேடினேன். கைப்பையைத் திறந்து தேடினேன். பேனாவுக்கு முன் அந்த மஞ்சள் தாள்தான் கையில் பட்டது.

அண்ணன் கதிரையை இழுத்து மகளுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தான்.

"ஒனக்கு வேணுமா வேணாமா? எதச் சொன்னாலும் அப்பா கோவிக்க மாட்டேன்."

அவள் பாட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அங்க பாக்காத. என்னையப் பாத்துச் சொல்லு."

"வேணாம்பா."

"அப்ப வேணாம்." அவன் படிவத்தை எடுத்து ஓவசியர் கையில் கொடுத்தான். "டீ ஒண்ணு குடிச்சிட்டுப் போங்க மாத்தயா, அடுப்புல இருக்கு."

அம்மா தலையில் அடித்துக்கொண்டு கத்தினார். "இந்த வீட்டுக்காகத்தானேடா ஒன்னய..." அதோடு நின்றுவிட்டார். அந்த வாக்கியத்தை அம்மா அதுவரை சொன்னதில்லை. அன்றைக்கும் முடிக்கவில்லை. அண்ணன் காத்திருந்தான். முடிக்கட்டும் என்றுதான் காத்திருந்தான் என்று நினைக்கிறேன். பிறகு எழும்பி தேநீர் ஊற்றப் போனான்.

லைன் வீட்டைக் காலி செய்துவிட்டுக் கடுகண்ணாவையில் ஒரு ஹாட்வெயார் கடைக்கு மேலே இரண்டு அறை வாடகைக்கு எடுத்தார்கள். அண்ணன் கீழே கடையில் உட்கார்ந்து ஆணி நிறுத்துக் கொடுத்தான். போன வருடம் அங்கேயே செத்துப்போனான். நெஞ்சு வலி, ஒரு மணித்தியாலம். இழவு வீட்டில் எங்கள் லைன் ஆட்கள் என் காதுபடவே சொன்னார்கள்: மூன்று தலைமுறை இருந்த வீட்டை ஒரு வார்த்தையில் அழித்துவிட்டான், மகளும் ஒன்றும் பெரிதாகக் கிழிக்கவில்லை.

உண்மைதான், அவள் ஒன்றும் பெரிதாக ஆகவில்லை. குண்டசாலையில் ஒரு மருந்துக்கடையில் நிற்கிறாள். இரண்டு பஸ் மாறிப் போகிறாள், முதலாளியைத் திட்டுகிறாள், சம்பளம் போதாது என்கிறாள். டாக்டராக வந்திருந்தால்தான் அண்ணன் செய்தது சரி என்பீர்களா? பிள்ளை ஜெயித்துக் காட்டினால்தான் அவளிடம் ஒரு கேள்வி கேட்டது நியாயம் ஆகுமா? அப்படி நினைக்கிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை. அவள் திட்டுகிற முதலாளி அவளே தேடிப்போன முதலாளி. எங்கள் வீட்டில் அந்த உரிமை முதலில் கிடைத்தது அவளுக்குத்தான், கொடுத்தவன் அது கிடைக்காத ஒருவன்.

இந்த வருடம் மண்டபத்தில் அதே படத்தை மறுபடியும் போட்டார்கள். அதே விரிவுரையாளர், அதே கேள்வி, தேர்வைப் பற்றி அதே வாக்கியம், அதே தலையாட்டல். யாரும் கையை உயர்த்தவில்லை. நான் கடைசி வரிசையின் ஓரக் கதிரையைப் பார்த்தேன். அதில் யாரோ தன் குடையை வைத்திருந்தார்.

பிரசுரம் தயாரானதும் விரிவுரையாளர் ஒருமுறை பார்ப்பது வழக்கம். முதல் கருத்திலேயே நின்றார்.

"இது யார் எழுதியது? இந்த முறை வந்த தாள்களில் நான் பார்க்கவில்லையே."

"போன முறை இந்தப் படம் போட்டப்ப வந்தது சேர். நான் எடுத்துட்டேன்."

"நல்லாத்தான் இருக்கிறது. கொஞ்சம் மெருகேற்றிப் போடலாமே. நனைக்க முன்னாடி என்பது ஒரு மாதிரி..."

"ஒரு எழுத்தும் மாத்த ஏலாது சேர். மாத்தணும்னா பிரசுரத்தை நீங்களே அடிச்சுக்கங்க."

அவர் பேனாவைத் திறந்தார். பிறகு கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அச்சாகி வந்தபோது அந்த மஞ்சள் தாளைக் கைப்பையிலிருந்து எடுத்துப் பிரசுரத்துக்குப் பக்கத்தில் வைத்து, சொல்லுக்குச் சொல் சரிபார்த்தேன். எல்லாம் இருந்தது. கீழே 'மஹய்யாவ ரசிகர்' என்று போடவில்லை. 'என் அண்ணன்' என்று போட்டிருக்கிறேன். அதற்குப் பிறகும் அந்தப் பக்கத்தில் நாலு விரல் அகலத்துக்கு வெள்ளை மிஞ்சிக் கிடந்தது.