அண்ணன் குடித்த கீரைத் தண்ணீர்

எங்கள் அண்ணன் அவர்களின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுமுறையினருக்கும் சிநேகிதர்களுக்கும் அவருடைய தங்கை எழுதுவது. நான் ஐந்தாவதோடு நின்றவள். நாலு பேர் கூடினால் அடுப்படிக்குள் போய்விடுவேன். "அத்தை, நீங்களும் ஒரு பக்கம் எழுதிக் குடுங்க" என்று அண்ணன் மகன் நோட்டை நீட்டியபோது நான் உடனே வாங்கவில்லை. எழுத்து வராது என்பதால் மட்டும் இல்லை. நான்கு வருடமாக யாரிடமும் சொல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு இந்தப் பக்கத்தை நிரப்ப மனசு வரவில்லை.

அண்ணன் ஆண்டிமடத்துக்குப் பக்கத்தில் பிறந்தார். அப்பா சீக்கிரமே தவறிவிட்டதால் முந்திரிக்கொட்டை பொறுக்கி அம்மாவையும் என்னையும் காப்பாற்றினார். பிறகு அரியலூரில் ஒரு மளிகைக் கடையில் பொட்டலம் மடித்தார். பெரம்பலூர் தனி மாவட்டமான மறு வருடம் வேப்பந்தட்டையில் சொந்தக் கடை வைத்தார். என் வீட்டுக்காரர் இறந்த பின் என்னையும் அங்கேயே அழைத்துக்கொண்டார்.

அவர் கடையில் சரக்கோடு பேச்சும் கிடைக்கும். பிள்ளைத்தாய்ச்சிப் பெண் பிஸ்கட் கேட்டால், "அது வாயிலேயே கரைஞ்சு போயிடும்மா. பொட்டுக்கடலையும் வெல்லமும் வாங்கிக்க" என்பார். பால் கொடுக்கும் தாய்க்குப் பூண்டு, இடுப்பு வலிக்கு உளுந்தங்களி என்று சொல்லிக்கொண்டே போவார். எதையும் கொட்டக் கூடாது அவருக்கு. "அரிசி களைஞ்ச ரெண்டாந்தண்ணியில புளி கரை. கீரை வெந்த தண்ணிய ஊத்திப்புடாத, சத்து பூரா அதுலதான் கெடக்கு." வெங்காயக் கொல்லைக்கு வேலைக்குப் போகும் பெண்கள், "கடைக்காரரே, மொதல்ல மொளகாய நிறுங்க, வைத்தியத்த அப்பறம் பாத்துக்கலாம்" என்று கேலி செய்வார்கள். சிரித்துக்கொண்டே நிறுப்பார்.

அப்படிப்பட்டவருக்குச் சிறுநீரகம் கெட்டது. திருச்சி டாக்டர் சொன்னது இதுதான்: "காயோ கீரையோ, கொஞ்சமாதான். நெறைய தண்ணியில வேக வச்சு, அந்தத் தண்ணிய வடிச்சுக் கொட்டிடணும்." அன்று முதல் அண்ணி அவர்கள் தவறாமல் வடித்து வாழைமரத்தடியில் கொட்டினார்கள். அண்ணன் அதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அண்ணி, மகளின் பிரசவத்துக்காக அரியலூர் போக வேண்டி வந்தது. "தண்ணிய கொட்டிடு, மறந்துடாதம்மா" என்று பஸ் ஏறும்போதும் சொன்னார்கள். நான் மறக்கவில்லை. முருங்கைக்கீரையை வேகவைத்து வடித்த தண்ணீரைக் கொட்டத்தான் எடுத்துப் போனேன். அண்ணன் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். சட்டை அவர் மேல் தொங்கியது. கொட்டக் கை வரவில்லை. மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு ஒரு தம்ளரில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"என்ன பாப்பா இது?"

"சீரகத் தண்ணிண்ணே."

என் முகத்தைப் பார்த்தார். ஒரே மூச்சில் குடித்தார்.

தினமும் கொடுத்தேன். அவருக்கு அசதி கூடியது. சத்து போதவில்லை என்று நினைத்து இரண்டு தம்ளராக்கினேன்.

ஒரு நாள் மத்தியானம் துவரம்பருப்பு அள்ளியவர் கையிலிருந்து படி நழுவியது. "பாப்பா, கால் கல்லாட்டம் கெடக்கு, எந்திரிக்க முடியல" என்றார். பக்கத்து வீட்டுத் தம்பி வேனை எடுத்தார். பெரம்பலூரில் பார்த்துவிட்டு உடனே திருச்சிக்குப் போகச் சொன்னார்கள். வழி முழுக்க அவர் நெஞ்சில் கை வைத்திருந்தேன். துடிப்பு நிற்கும், எனக்கும் மூச்சு நிற்கும். மறுபடி ஓடும்.

டாக்டர் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, ஏதோ ஓர் உப்பு ஏறிவிட்டது, இருதயம் நின்றுபோக வேண்டியது என்றார். "கீரை, காய் தண்ணி குடுத்தீங்களா? நல்லா இருக்கறவங்களுக்கு அது சத்து. இவருக்கு வெஷம்மா." அதற்குள் அரியலூரிலிருந்து வந்துவிட்ட அண்ணி என்னைப் பார்த்து, "என்ன குடுத்தே?" என்றார்கள்.

கட்டிலிலிருந்து அண்ணன் பேசினார். "அவள ஏன் கேக்கற? அவ துணி தொவைக்கப் போன நேரமா பாத்து நாந்தான் வடிச்ச தண்ணிய எடுத்துக் குடிச்சேன்."

அண்ணி தலையில் அடித்துக்கொண்டு அழுதார்கள். நான் தூணோரமாக நின்றேன். ஒரு சொல் சொல்லவில்லை.

பிழைத்து வந்தார். அதன்பின் மூன்று வருடம், அவர் அடுப்படிப் பக்கம் வந்தாலே அண்ணி, "கீரைத் தண்ணித் திருடரு வந்துட்டாரு, சட்டிய மூடு" என்பார்கள். வீடே சிரிக்கும். அவரும் சிரிப்பார். என்னைப் பார்க்க மாட்டார்.

யாரும் இல்லாத ஒரு நாள் கேட்டேன், "ஏண்ணே அப்புடிச் சொன்னீங்க?"

"நாக்குல வச்சாலே சரக்கு சொல்றவன் நான். முருங்கத் தண்ணிய எனக்குத் தெரியாதா? நீ குடுத்தே, அது சத்துன்னு நானும் நம்பித்தான் குடிச்சேன். சொல்லிக் குடுத்தவனே நாந்தானே பாப்பா. இனிமே கொட்டு, நான் பாக்கறேன்."

அன்றிலிருந்து நான் வடிக்கும்போதெல்லாம் வந்து நிற்பார். கடைசித் துளி மண்ணில் விழும் வரை முகத்தைத் திருப்ப மாட்டார். எழுந்திருக்க முடியாமல் படுத்த கடைசி நாட்களிலும் உள்ளிருந்து, "கொட்டிட்டியா பாப்பா?" என்று கேட்பார். "கொட்டிட்டேண்ணே" என்பேன். என்னிடம் அவர் கடைசியாகக் கேட்டதும் அதுதான்.

அன்று வேன் ஓட்டிய தம்பிக்கும், ராப்பகலாகப் பார்த்துக்கொண்ட நர்சம்மாக்களுக்கும், கடை பூட்டிக் கிடந்த நாட்களில் வேறு கடைக்குப் போகாமல் காத்திருந்த வேப்பந்தட்டை மக்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அண்ணி, உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதனால் எல்லோரும் படிக்கும் இதில் எழுதுகிறேன். அண்ணன் படத்துக்கு விளக்கேற்றும்போது இன்றும் நீங்கள் 'கீரைத் தண்ணித் திருடரு' என்ற அந்தப் பெயரைச் சொல்லித்தான் அழுகிறீர்கள். இனி அவரை அப்படிச் சொல்ல வேண்டாம். அந்தப் பெயர் என்னுடையது.