சுக்கிரனுக்காகத் தேய்த்த கண்ணாடி

டெலஸ்கோப்பையும் அதன் இரும்பு ஸ்டாண்டையும் நாலு மாடி தூக்கிக்கொண்டு போய் வைத்தவள் ஞானமேரிதான். சிதம்பரத்தில் ஒரு தனியார் கல்லூரியில் பிசிக்ஸ் லேப் அட்டெண்டர். 2004 ஜூன் எட்டாம் தேதி அது. சூரியனுக்குக் குறுக்கே சுக்கிரன் கறுப்புப் புள்ளியாய் ஊர்ந்துபோவதைப் பார்க்கக் கல்லூரியே மொட்டைமாடியில் வரிசை கட்டி நின்றது. வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் டீ கொடுத்தாள். தானும் பார்க்கலாமா என்று மதியம் ஒரு தடவை கேட்டாள், நாலு மணிக்கு மறுபடி கேட்டாள்.

"கெஸ்ட்டுங்க நிக்கிறாங்கல்ல? மொதல்ல கிளாஸ எடும்மா" என்றார் துறைத் தலைவர் தட்சிணாமூர்த்தி. "நீ பாத்து இன்னா ஆவப்போவுது?"

கிளாஸ்களைக் கழுவி வைத்துவிட்டு மேலே வந்தபோது சுக்கிரன் சூரியனைத் தாண்டிப் போயிருந்தது. டெலஸ்கோப்பைக் கீழே இறக்கவும் அவளையேதான் கூப்பிட்டார்கள்.

படியிறங்கும்போது ஒரு லெக்சரரிடம் கேட்டாள். "மறுபடி எப்ப சார் வரும்?"

"2012 ஜூன் ஆறு. அத உட்டா அப்புறம் நூத்தி அஞ்சு வருஷம்."

பிளஸ் டூ-வில் பிசிக்ஸில் பள்ளிக்கூடத்திலேயே முதல் மார்க் வாங்கியவள் ஞானமேரி. அதற்குமேல் படிக்கவைக்க வீட்டில் ஆளில்லை. கடலூர் ஓல்டு டவுனில் இருந்த வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இனி யாரிடமும் போய்க் கேட்பதில்லை என்று அந்த பஸ்ஸிலேயே முடிவுசெய்தாள்.

கல்லூரி லைப்ரரியில் ஒரு பழைய புத்தகம் கிடைத்தது. இரண்டு வட்டக் கண்ணாடி, நடுவில் உரசுபொடி, கொஞ்சம் தண்ணீர். ஒன்றின்மேல் ஒன்றை வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தால் அடிக்கண்ணாடி மேடாகும், மேல்கண்ணாடி குழியும். அந்தக் குழிதான் டெலஸ்கோப்புக்கு உயிர். துறைமுகத்துப் பக்கம் பழைய இரும்புக் கடையில், உடைத்த கப்பலின் சன்னல் கண்ணாடிகள் கிடந்தன. மூன்று வாங்கிவந்தாள். கொல்லையில் டிரம்மைக் கவிழ்த்துப்போட்டு, தினமும் வேலை முடிந்து வந்ததும் ஒரு மணி நேரம் அதைச் சுற்றிச் சுற்றி வந்து தேய்த்தாள்.

"ஊர்ல எவளாவது இத செய்வாளா மேரி?" என்றான் புருஷன் ராபர்ட். ஐஸ் பேக்டரி மெக்கானிக். தடுக்கவும் மாட்டான், கிட்டேயும் வரமாட்டான்.

பதினாலாவது மாதம், ஊரிலிருந்து வந்திருந்த ராபர்ட்டின் அக்கா ஆரோக்கியம்மாள், கொதித்த பால் சட்டியை மூட அந்தக் கண்ணாடியை எடுத்துவிட்டாள். மேலே பச்சைத் தண்ணீர் தெறித்ததும் கண்ணாடி இரண்டாய் விண்டுபோனது.

"ஒரு கண்ணாடித் தட்டுக்கா இம்மாம் கூச்சல்?"

"தட்டா அது? பதினாலு மாசம் அண்ணி! எங் கைரேக தேஞ்சிருக்கு பாருங்க!"

"உடு மேரி, வேற வாங்கிக்கலாம்" என்றான் ராபர்ட். அதுதான் அவளை இன்னும் கொளுத்தியது.

"எந்தக் கடையில தேச்சு விக்கிறாங்க? சொல்லுங்க, போய் வாங்கியாறேன்."

ஈஸ்டர் வரைக்கும் நாத்தனாரோடு பேச்சில்லை. மூன்றாவது கண்ணாடியை எடுத்து முதலிலிருந்து ஆரம்பித்தாள். கோபமாய்த் தேய்த்தால் கை அழுத்திவிடும், கண்ணாடியில் கீறல் விழும். அப்படி விழுந்த கீறலைப் போக்க இரண்டு முறை மறுபடி கரட்டுப் பொடிக்கே திரும்ப வேண்டியிருந்தது. கோபம் குறையவில்லை. ஆனால் கையை மட்டும் அதிலிருந்து பிரித்து வைக்கப் பழகிக்கொண்டாள். தேய்ப்பு, மெருகு, சோதனை என்று 2011 வரை இழுத்தது. அந்த டிசம்பரில் ‘தானே’ புயல் கூரை ஷீட்டைப் பிய்த்துப்போட்டு, டெலஸ்கோப்புக்கென்று அவள் பலகையில் செய்திருந்த குழாயை நொறுக்கியது. டிரங்குப் பெட்டிக்குள் புடவையில் சுற்றிவைத்திருந்த கண்ணாடி தப்பியது. குழாயை மறுபடி செய்தாள்.

2012 மே மாதமே, ஜூன் ஆறாம் தேதிக்கு லீவு கேட்டாள்.

"அன்னிக்கா? அன்னிக்குத்தான் ஃபங்ஷனே" என்றார் தட்சிணாமூர்த்தி. "சேர் யாரு போடுறது? இங்கியே பாத்துக்கயேன், எல்லாரும் பாத்தப்புறம்."

ஆறாம் தேதி அவள் வேலைக்குப் போகவில்லை.

விடிகாலையில் ராபர்ட் குழாயைத் தூக்கிவந்து உப்பனாற்றங்கரையில் வைத்தான். கிழக்கே மேகம். ஏழு மணிக்குமேல்தான் விலகியது. வெள்ளைத் தாளில் சூரியனின் பிம்பம் தட்டளவு விழுந்தது. அதன்மேல் மிளகு வைத்தாற்போல் சுக்கிரன்.

வலைக்காரர்கள் வந்து சூழ்ந்தார்கள். "தள்ளி நில்லுங்க, நெழல் வுழுது!" என்று அதட்டினாள். அழுகை வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை.

"ரெண்டு நிமிஷம்ங்க" என்றாள் ராபர்ட்டிடம். "அன்னிக்கு ரெண்டு நிமிஷம் உட்ருந்தா இத பாத்துட்டுப் போயிருப்பேன். அதுக்கு எட்டு வருஷம் தேய்க்க வுட்டானுங்க."

தாள் காற்றில் ஆடாமல் அவன் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். பத்தரைக்குக் கொஞ்சம் முன்னால் புள்ளி விளிம்பைத் தொட்டு வெளியேறும்வரை அவள் தாளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மறுநாள் மெமோ வந்தது: அனுமதியின்றி வராததற்குக் காரணம் கூறவும். 'சுக்கிரனைப் பார்க்க வேண்டியிருந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மன்னிப்பு என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார்கள். மறுத்துவிட்டாள். லேபிலிருந்து எடுத்து ஹாஸ்டல் ஸ்டோருக்குப் போட்டார்கள். அரிசி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, சனிக் கிரகத்தின் வளையம் தெரிய எத்தனை அங்குலக் கண்ணாடி வேண்டும் என்று கணக்குப் போட ஆரம்பித்தாள்.