தனியே நின்ற ஆறு வரிகள்

மூச்சுக் கருவிகளை ஓட்டும் மென்பொருளின் அடித்தளமான கெர்னலைப் பதினேழு வருடமாக எழுதிவருகிறவள் அவள். எதிலும் அவசரப்படாததால் ஆபீசில் அவளுக்கு 'நிதானம்' என்றே பெயர்.

அன்று பகல் ஆஸ்பத்திரி டெக்னீஷியன் போன் செய்தார். ஒரு கருவியில் காற்று அரை நொடி பிந்துகிறதாம். மென்பொருளின் எந்தத் துண்டு, அதாவது எந்த ஃபங்ஷன், எப்போது ஓடுகிறது என்று பதிவு செய்யும் டிரேஸைப் போட்டால் தெரிந்துவிடும். நோயாளிக்கு மாட்டிய கருவியா என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

"டிரேஸ ஆன் பண்ணுங்க."

"பண்ணிட்டேன்மா... ஐயோ, ஸ்க்ரீன் நின்னுபோச்சு! சிஸ்டர், ஓடி வாங்க! கையால பம்ப் பண்ணுங்க!"

போன் கட்டானது. ஆறு முறை கூப்பிட்டாள், யாரும் எடுக்கவில்லை. அவள் எழுதியதை இயந்திரத்துக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றும் கம்பைலர், கடைசியாக ஆக்கிக் கொடுத்ததைத் திறந்தாள்.

மணி பார்க்க அவள் எழுதிய ஆறு வரி ஃபங்ஷன். கூப்பிடும் இடத்திலேயே கரைந்துவிடும்படி 'இன்லைன்' என்று குறித்திருந்தாள். போன மாதம் மாற்றிய புதுக் கம்பைலர் அதைக் கரைக்காமல் தனியே விட்டிருந்தது. தனியே நின்றால் டிரேஸ் பிடித்துக்கொள்ளும். டிரேஸோ ஒவ்வொரு பதிவுக்கும் மணி பார்க்க அதையே கூப்பிடும். அதைப் பதிவு செய்ய மறுபடி மணி பார்க்கும். முடிவே இல்லாத சுற்று, அதில்தான் கருவி நின்றுபோனது.

இதே மென்பொருள் இருநூற்றுப் பதினான்கு கருவிகளில் ஓடுகிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

போன் அடித்தது. "ஆளு பொழச்சிட்டாரும்மா. சிஸ்டர்தான் காப்பாத்துனாங்க."

அவள் மேனேஜர் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னாள்.

"நோயாளிக்கு மாட்டுன கருவியில டிரேஸ் போடக்கூடாதுன்னு விதியிருக்கே. டெக்னீஷியன் தப்புன்னு எழுதிடலாம்," என்றார் அவர்.

வேலை போனால் பிள்ளைகளின் படிப்பு என்னாவது என்று நினைத்தாள். "போடச் சொன்னது நான் சார். ஃபங்ஷனும் என்னோடது. இப்பவே எல்லா ஆஸ்பத்திரிக்கும் சொல்லணும். இன்னொருத்தர் ஆன் பண்ணிட்டா?"

அவர் போனை எடுத்து முதல் ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டார்.

அந்த ஃபங்ஷனை டிரேஸ் தொடக்கூடாது என்ற குறியைச் சேர்த்தாள். அதேபோல் தனியே நின்ற இன்னும் பதினோரு ஃபங்ஷன்கள் அகப்பட்டன. மென்பொருள் மாற்றங்களுக்கு ஒப்புதல் தரும் அவளுடைய கையெழுத்து உரிமையை ஆபீசில் ஒரு வருடத்துக்குப் பறித்தார்கள், வேலை தப்பியது. நோயாளி ஒன்பதாம் நாள் வீட்டுக்குப் போனார். அவர் முகத்தை அவள் பார்த்ததே இல்லை.