சக்கரத்தில் சொன்ன சாட்சி

திபேயோஸ் ஏதென்ஸில் முப்பத்தைந்து வருஷம் இருந்தான். அத்தனை வருஷமும் அவனைப் "பையா" என்றுதான் கூப்பிட்டார்கள். எங்கள் ஊரில் அடிமைக்குத் தாடி நரைத்தாலும் அவன் பையன்தான். போன குளிர்காலத்தில் இருமி இருமிச் செத்துப் போனான். புதைத்த இடத்தில் கல் இல்லை, பெயரும் இல்லை. அதனால்தான் நான் சொல்கிறேன். நான் ஹெர்மோன், அவன் இருந்த செருப்புக் கடைக்கு அடுத்த கடையில் துணி வெளுக்கிறவன். ஊர் மூத்திரத்தைத் தொட்டியில் ஊறப்போட்டு ஊர்த் துணியை வெளுப்பது என் தொழில். நாற்றம் தாங்காமல் பாதிப்பேர் என் கடை வாசலில் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். ஆனால் இந்தக் கதையில் நாறுவது என் தொட்டி இல்லை, நான்.

திபேயோஸைக் கருங்கடல் கரையில் எங்கோ பிடித்து, பன்னிரண்டு வயதில் கொண்டுவந்து விற்றார்கள். வாங்கியவர் செருப்புக் கடைக்காரர், அந்திமேனேஸின் அப்பா. அடிமையை வாங்கி வந்த அன்று வீட்டு அடுப்பங்கரையில் உட்கார வைத்து, வீட்டம்மா அவன் தலையில் உலர்ந்த அத்திப்பழமும் பேரீச்சம்பழமும் கொட்டைகளும் கொட்டுவாள். புது மணப்பெண்ணுக்கும் இதேதான். இனி நீ இந்த அடுப்பைச் சேர்ந்தவன் என்று அர்த்தம். உருண்டோடுவதை வீட்டின் மற்ற அடிமைகள் பாய்ந்து பொறுக்கிக்கொள்வார்கள். பாஷை தெரியாத அந்தப் பிள்ளைக்கு மடியில் தங்கிய நாலு அத்திப்பழம் கிடைத்தது. கப்பலில் இருபது நாள் பட்டினி கிடந்தவன், இந்த வீட்டில் தினமும் இப்படித்தான் போல என்று நினைத்துவிட்டான். மறுநாள் காலையில் தானாகவே வந்து அடுப்பங்கரையில் உட்கார்ந்து தலையைக் குனிந்து காத்திருந்தானாம். பெரியவர் வந்து பிடரியில் ஒன்று போட்டு, கடைக்கு இழுத்துக்கொண்டு போனார். இதை அவனே என்னிடம் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆனாலும் சிரித்து வைத்தேன்.

தோல் வெட்டுவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. வாடிக்கையாளர் மேசை மேல் ஏறித் தோலில் நிற்க வேண்டும், இவன் வளைந்த கத்தியால் பாதத்தைச் சுற்றி ஒரே வீச்சில் வெட்டுவான். கத்தி விரலை உரசிக்கொண்டு போகும், ஒருநாளும் கீறியதில்லை. வாயும் கத்தி மாதிரிதான்.

"ஐயா, உங்க இடது கால் வலதைவிட ரெண்டு விரக்கடை பெருசா இருக்கு" என்றான் ஒருமுறை என்னிடம். "ரெண்டும் ஒரே அப்பனுக்குத்தான் பொறந்துதா?"

"வாயை மூடிக்கிட்டு வெட்டுடா."

"வெட்டறேன். அந்தத் தொட்டியில நின்னு நின்னு ஊறிப்போச்சு போல. அடுத்தவன் மூத்திரத்துல நின்னா கால் வளரும்னா, நம்ம ஊர்ல எத்தனை குள்ளனுங்க வரிசைல நிப்பானுங்க!"

கடைக்கு இப்போது முதலாளி அந்திமேனேஸ். கெட்டவன் இல்லை. முன்கோபி, அவ்வளவுதான். அவனுக்குத் தோல் கொடுக்கிறவன் ஸ்த்ராதோன், அவனும் அதே ரகம். ஒரு வசந்த காலத்தில் திருவிழா ஊர்வலத்துக்கு என்று செய்த செருப்புகள் பாதி வழியிலேயே வாய் பிளந்துவிட்டன. தோல் சரியாகப் பதப்படாதது என்று இவன் கத்த, தைக்கத் தெரியாதவன் கையில் எந்தத் தோலும் அப்படித்தான் என்று அவன் கத்த, பேச்சு அம்மாக்கள் வரை போயிற்று. சத்தம் கேட்டு நான் ஓடுவதற்குள் ஸ்த்ராதோனின் முன்பல் தரையில் கிடந்தது. அந்திமேனேஸின் உதடு கிழிந்திருந்தது. மூலையில் திபேயோஸ் கத்தியும் கையுமாக நின்றுகொண்டிருந்தான். கடையில் வேறு யாரும் இல்லை.

ஸ்த்ராதோன் வழக்குப் போட்டான். அடிதடி வழக்கில் எங்கள் சட்டம் கேட்பது ஒரே கேள்விதான்: முதலில் கை ஓங்கியது யார்? ஓங்கியவன் தோற்றான். நீதான் என்றான் இவன், நீதான் என்றான் அவன். உண்மையில் அந்திமேனேஸ்தான் தோல் தட்டும் கட்டையை எடுத்து முதல் அடி அடித்தவன். எனக்கு அவனே சொன்னான்.

"இப்போ என்ன பண்றது ஹெர்மோன்? நூத்துக்கணக்குல உக்காந்திருக்கிற நீதிபதிங்க முன்னாடி அவன் பல்லைக் காட்டினா போதும், நான் காலி."

அப்போதுதான் நான் அந்த யோசனையைச் சொன்னேன். சொன்ன வாய் இதுதான்.

"பையன் பாத்தான்ல? அவனைச் சித்திரவதைக்குக் குடுக்கறேன்னு சவால் விடு."

அடிமையின் சாட்சி எங்கள் நீதிமன்றத்தில் சும்மா செல்லாது. அவனைச் சக்கரத்தில் கட்டி முறுக்கி, வலியில் சொன்னால்தான் செல்லும். சும்மா நின்று சொன்னால் எசமானுக்காகப் பொய் சொல்வான், வலி வந்தால் உண்மை தானாக வரும் என்று பெரிய பெரிய மனிதர்கள் எல்லாம் நம்பினார்கள். நானும் நம்பினேன் என்றுதான் நினைக்கிறேன். அதைப்பற்றி உட்கார்ந்து யோசித்ததில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் சவாலின் சூட்சுமம்தான்: இந்தச் சவாலை யாருமே ஏற்க மாட்டார்கள். எதிராளி மறுப்பான், நாம் நீதிமன்றத்தில் மார்தட்டுவோம். "பாருங்கள், என் அடிமையைக் கொடுக்கிறேன் என்றேன், இவன் உண்மைக்குப் பயந்து ஓடிவிட்டான்!" என் வயதில் இப்படி இருபது சவால் பார்த்திருக்கிறேன். இருபதும் வாய்ச்சவடால்தான்.

சந்தையில், கல்தூண் பக்கத்தில், ஆறு சாட்சிகள் முன்னால் அந்திமேனேஸ் சவாலைப் படித்தான். நானும் ஒரு சாட்சி. ஸ்த்ராதோன் பல் போன வாயால் சிரித்தான்.

"ஏத்துக்கறேன். நாளன்னிக்கு காலைல, ஹெபைஸ்டோஸ் கோயில் வாசல்ல. கேள்வியை நான்தான் கேப்பேன்."

அந்திமேனேஸ் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். ஸ்த்ராதோன் ஏன் ஏற்காமல் இருப்பான்? யார் முதலில் அடித்தான் என்று அவனுக்குத்தான் நன்றாகத் தெரியுமே! அது ஏன் எனக்குத் தோன்றவில்லை என்று இன்றுவரை என்னையே திட்டிக்கொள்கிறேன். ஆறு பேர் முன்னால் விட்ட சவாலைத் திரும்ப எடுத்தால் வழக்கு அங்கேயே தோற்றது.

அடுத்து நடந்தது எனக்கு அப்போது தெரியாது, ஆனால் நீங்கள் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். அன்று மத்தியானம் அந்திமேனேஸ் கடைக்கதவைச் சாத்திவிட்டுத் திபேயோஸை உட்கார வைத்தான். ஸ்த்ராதோன்தான் முதலில் அடித்தான் என்று சொல், என்ன செய்தாலும் மாற்றாதே என்றான். "வழக்குல ஜெயிச்சேன்னா உன்னை விடுதலை பண்ணிடறேன் பையா. அப்பா அஸ்தி மேல சத்தியம்."

சித்திரவதையை நான் விவரிக்கப் போவதில்லை. கோயிலுக்கு வந்த கூட்டம் வேடிக்கை பார்த்தது. பொரித்த மீன் விற்கிறவன் கூட வந்து நின்றான். சூரியன் உதித்ததிலிருந்து சந்தை கூடும் நேரம்வரை என்று ஒப்பந்தம். சக்கரத்தைத் திருப்ப அனுபவப்பட்ட ஒருவனை வைத்திருந்தார்கள். அவன் இடையிடையே வெங்காயம் கடித்துக்கொண்டு தன் வேலையைச் செய்தான்.

"முதல்ல அடிச்சது யாரு?" என்றான் ஸ்த்ராதோன்.

"நீங்க" என்றான் திபேயோஸ்.

மறுபடி திருப்பினார்கள். மறுபடி கேட்டான். ஏழு முறை கேட்டான், நான் எண்ணினேன். ஏழு முறையும் "நீங்க" என்றான். ஐந்தாவது முறை வலது கையில் ஏதோ அறுந்த சத்தம் எனக்கே கேட்டது. ஸ்த்ராதோனுக்கு முகம் வெளுத்துவிட்டது. தான் அடிக்கவில்லை என்று தெரிந்தவன், இத்தனை வலியிலும் ஒருவன் நீதான் என்று சொல்வதைக் கேட்டால் எப்படியிருக்கும்? ஒருவேளை நான்தானோ என்று அவனுக்கே சந்தேகம் வந்ததுபோல நின்றான். வலி வந்தால் உண்மை வரும் என்ற பேச்சை அன்றோடு நான் விட்டேன். வந்தது பச்சைப் பொய். அதைப்போல உறுதியான சாட்சியை என் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை.

சொன்னதையெல்லாம் மெழுகுப் பலகையில் எழுதி, ஒரு சட்டியில் போட்டு மூடி, முத்திரை வைத்தார் வழக்குக்கு நியமித்திருந்த மத்தியஸ்தர். வழக்கு நாள் வரை அதை யாரும் திறக்கக் கூடாது.

திபேயோஸைத் தோளில் தூக்கி வந்தது நானும் அந்திமேனேஸும்தான். எட்டு நாள் என்னால் சாப்பிட முடியவில்லை. நான் சொன்ன யோசனையால்தானே இது என்று மனசு அரித்தது. வழக்கு வந்தால் மேல்முறையீடு, எதிர்வழக்கு, பொய்ச்சாட்சி என்று இழுத்தடிப்பார்கள், இவனை மறுபடியும் கேட்பார்கள் என்று பயந்தேன். அதனால் இரண்டு பேர் கடைக்கும் மாறி மாறி நடந்தேன். கெஞ்சினேன், திட்டினேன், ஒயின் வாங்கிக் கொடுத்தேன்.

"ஒரு பல்லுக்காக இன்னும் எத்தனை பேரை ஒடிக்கப் போறீங்க? ஒரே தெருவுல முகத்தைப் பாத்துக்கணும்ல?"

ஸ்த்ராதோனுக்கு அந்தச் சட்டியை நினைத்துப் பயம். அந்திமேனேஸுக்கு அந்தப் பல்லை நினைத்துப் பயம். இரண்டு பயத்தையும் பிடித்து நான் சமாதானம் செய்து வைத்தேன். கோயில் பீடத்தில் ஒரு பன்றிக்குட்டியை அறுத்து, கைகொடுத்து, சத்தியம் செய்துகொண்டார்கள். ஸ்த்ராதோன் அடிமையின் கைக்கு ஈடு கட்டினான். ஈடு அடிமைக்கு இல்லை, எசமானுக்கு. மத்தியஸ்தர் சட்டி முத்திரையை உடைத்து, பலகையை எடுத்து, எழுத்தாணியின் தட்டைப் பக்கத்தால் மெழுகை வழித்துச் சமமாக்கினார். ஏழு "நீங்க"வும் போயிற்று. இதைவிட நல்ல காரியம் என் வாழ்வில் நான் செய்ததில்லை என்று நினைத்துக்கொண்டே, வறுத்த பன்றியில் ஒரு துண்டை இலையில் சுற்றித் திபேயோஸுக்கு எடுத்துப் போனேன்.

சுவரோரம் படுத்திருந்தவன் என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தான். சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.

"ஜெயிச்சுட்டமா ஐயா?"

"அதெல்லாம் வேண்டாம்னு முடிஞ்சு போச்சுடா. சமாதானம் ஆயிட்டாங்க. நான்தான் பண்ணி வச்சேன். இனிமே உன்னை யாரும் தொட மாட்டாங்க."

அவன் இறைச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வழக்கு?"

"வழக்கே இல்ல."

"அப்போ ஜெயிக்கல."

"யாரும் ஜெயிக்கல, யாரும் தோக்கல. அதுதான்டா சமாதானம்."

அப்புறம்தான் சொன்னான். அந்திமேனேஸ் செய்த சத்தியத்தை, சொல்லுக்குச் சொல். பிரேயஸ் துறைமுகத்தில் சின்னதாக ஒரு மேசை போட்டு உட்காரலாம் என்று இருந்தானாம். "அது கூட இல்ல ஐயா. விடுதலை ஆனவன் சாட்சி சொல்லணும்னா சும்மா நின்னு வாயால சொன்னா போதும்ல? நம்புவாங்கள்ல? அப்படி ஒரு தடவை நின்னு ஏதாவது ஒண்ணு சொல்லணும்னு இருந்துச்சு. என்னன்னு கூட யோசிக்கல."

நான் நேரே அந்திமேனேஸிடம் ஓடினேன். அவன் கத்தி தீட்டிக்கொண்டிருந்தான்.

"அவனுக்குச் சத்தியம் பண்ணியாமே?"

"பண்ணேன். ஜெயிச்சா விடறேன்னு பண்ணேன்."

"அவன் கை போச்சுடா உனக்காக!"

"என்மேல ஏன் கத்தற? நான் ஜெயிச்சிருப்பேன் ஹெர்மோன். அந்தச் சட்டி இருந்துச்சு என் பக்கம். நீதானே வந்து கால்ல விழாத குறையா சமாதானம் சமாதானம்னே?" அவன் குரலில் கோபம்கூட இல்லை. "ஜெயிக்காத வழக்குக்கு அப்பா அஸ்தியைக் கேக்காதே."

சத்தியத்தை அவன் எழுத்துக்கு எழுத்துக் காப்பாற்றினான். அதை உடைத்தது நான். இரண்டு முறை அந்த வீட்டுக்கு நல்லது செய்யப் போனேன், இரண்டு முறையும் அடி திபேயோஸ் மேல் விழுந்தது.

திபேயோஸின் வலது கை அதற்குப்பிறகு மூடவே இல்லை. கத்தி பிடிக்க முடியாதவனுக்குக் கடையில் என்ன வேலை? பெருக்கினான், தண்ணீர் சுமந்தான். ஈட்டுப் பணம் சும்மா கிடக்குமா? அடுத்த மாதம் முதல் நாள் சந்தையில் அந்திமேனேஸ் வேறொரு ஆளைத் தோல் வெட்ட வாங்கி வந்தான். கடலுக்கு அந்தப் பக்கம் காரியாவிலிருந்து வந்தவன், முப்பது வயதிருக்கும், எங்கள் பாஷை அரைகுறை. அன்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

புது ஆளை அடுப்பங்கரையில் உட்கார வைத்தார்கள். வீட்டம்மா கூடையோடு வந்தாள். அவள் பெயரை நான் சொல்ல மாட்டேன், அடுத்த வீட்டுப் பெண்ணின் பெயரை நாலு பேர் முன் சொல்வது எங்கள் ஊரில் மரியாதை இல்லை. அவள் கூடையைக் கவிழ்த்தாள். அத்தியும் கொட்டையும் அவன் தலையிலிருந்து தரையெல்லாம் சிதறின.

"பையா!" என்றான் அந்திமேனேஸ். திபேயோஸ் நிமிர்ந்தான். அந்திமேனேஸ் அவனைப் பார்க்கவில்லை, புது ஆளைப் பார்த்துத்தான் சொன்னான்.

வீட்டம்மாதான் திபேயோஸைப் பார்த்து, "நீ எடுத்துக்கயேன், உனக்குத்தானே அது" என்றாள்.

பொறுக்க வேண்டிய பழைய அடிமை அந்த வீட்டில் இப்போது அவன் ஒருவன்தான். மண்டியிட்டு உட்கார்ந்து, இடது கையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, மடங்காத வலது கையில் அடுக்கினான். பாதி விழுந்தது, மறுபடி எடுத்தான். எல்லாவற்றையும் பொறுக்கி முடித்து, மண்ணை ஊதிவிட்டு, புது ஆளின் மடியில் கொட்டினான்.

"சாப்பிடு" என்றான். "எல்லாத்தையும் இப்பவே சாப்பிட்டுடு. நாளைக்குக் காலைல வந்து இங்க உக்காராதே."

பிறகு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கடைப்பக்கம் போனான்.