தறிக்குழிக்குள் ஒரு பேட்டன்ட்

இத்தாலிக் கம்பெனிக்காரர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான், தங்கள் நாட்டில் பேட்டன்ட். அது மட்டும் கிடைத்துவிட்டால் ஜோதிகாவின் கருவியைத் தங்கள் செலவிலேயே செய்து விற்க அவர்கள் தயார்.

தாமல் கிராமத்தில் களை பறித்து வளர்ந்தவள் ஜோதிகா. காஞ்சிபுரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு, கணவன் சத்யராஜ் நெய்ய, பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நூல் சுற்றிய நாடாவைத் தள்ளுவதே அவள் வேலையாயிற்று. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறமாகக் கோத்து நெய்யும் கோர்வைப் புடவைக்கு இரண்டு பேர் வேண்டும். அவள் காய்ச்சலில் படுத்தால் தறி நின்றது. பிரசவத்துக்குப் போனாள், அப்போதும் நின்றது. அந்த ஆத்திரத்தில் பிறந்ததுதான் அவளுடைய கருவி. நெய்பவர் கால் தொங்கவிடும் தறிக்குழிக்குள் மிதிப்பலகையோடு அதைப் பொருத்தினாள். மிதித்தால் கரை நாடா தானாக ஓடியது. இனி ஒரே ஆள் கோர்வை நெய்யலாம்.

சென்னை வக்கீல் தேவிப்ரியா போனில் கேட்டாள். "இத வெளியாள் யாராவது பார்த்திருக்காங்களா? பார்த்திருந்தா ஐரோப்பாவுல பேட்டன்ட் கிடைக்காது ஜோதிகா."

புதுத் தறி ஓடும்போது பூசை போட்டுத் தெருவைக் கூப்பிடாமல் இருப்பார்களா? போன வெள்ளிக்கிழமைதான் எல்லோருக்கும் சர்க்கரைப் பொங்கல் கொடுத்து நெய்து காட்டியிருந்தாள்.

"இல்லன்னு சொல்லேன்" என்று சத்யராஜ் கிசுகிசுத்தான். "இத்தாலிக்காரன் வந்து நம்ம தெருவுல விசாரிக்கப் போறானா?"

அவள் கண்கள் நிறைந்தன. இத்தனை பாடும் ஒரு பொய்யில் போய் நிற்கவா?

"தெருவே பாத்துச்சு மேடம். பூச போட்டோம்."

"குழிக்குள்ள இறங்கிப் பார்த்தாங்களா?" என்றாள் தேவிப்ரியா.

"இல்ல மேடம். நாடா ஓடுறதத்தான் பாத்தாங்க. ஆனா காந்தாக்கா வீடியோ எடுத்துக்கினு இருந்தாங்க."

"உடனே போய்ப் பாருங்க. லைன்லயே இருக்கேன்."

ஜோதிகா பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். "அதுக்கா இப்படி மூச்சு வாங்க ஓடியாற?" என்று காந்தா செல்போனை நீட்டினாள். வீடியோ முழுக்கக் காந்தாவின் முகம், அவளது புது ஜிமிக்கி. பின்னால் மங்கலாக ஜோதிகாவின் உச்சந்தலை.

"தறிதாம்மா சரியா வுழல. கோச்சுக்காத" என்றாள் காந்தா.

ஜோதிகா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள்.

விஷயத்தைக் கேட்டதும் தேவிப்ரியாவின் குரலும் துள்ளியது. "குழிக்குள்ள இருக்குற அமைப்ப யாரும் பார்க்கலன்னா, அப்ப வழி இருக்கு. இந்த வாரமே தாக்கல் பண்றேன். அதுவரைக்கும் ஒரு ஈ எறும்பு எட்டிப் பார்க்கக் கூடாது."

ஜோதிகா வீடு திரும்பிச் சொல்லி முடிப்பதற்குள், சத்யராஜ் குழிமேல் பலகையைப் போட்டுச் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டான்.

"சாப்பாட்ட இங்கியே குடுத்துடும்மா" என்றான்.