வருவாள் கட்சியும் வரமாட்டாள் கட்சியும்

ஒரு டிவி தொடருக்காக எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக்கே இரண்டாகப் பிரிந்தது, நான் நான்காம் வகுப்பு படித்தபோது. தொடர் ஓடியவரை எல்லோரும் ஒற்றுமையாகத்தான் அழுதார்கள். கடைசி வாரம்தான் வினையாகிவிட்டது. நாயகி பெட்டியோடு ஆட்டோவில் ஏறும்போது பக்கத்து வீட்டுக்காரியிடம், "என் ரோஜாச் செடிக்குத் தண்ணி ஊத்திட்டு இரு" என்கிறாள். ஆட்டோ போகிறது. பாட்டைப் போட்டு முடித்துவிட்டார்கள். அவள் திரும்பி வருவாளா, மாட்டாளா?

வருவாள் கட்சிக்கு என் அம்மா தலைமை. ஒரேயடியாகப் போகிறவள் செடியை நீயே வைத்துக்கொள் என்றல்லவா சொல்வாள் என்பது அம்மாவின் வாதம். எதிர்க்கட்சிக்குப் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பெரியம்மா. சொந்தமெல்லாம் கிடையாது, அம்மா அக்கா என்று கூப்பிட்டதால் எனக்குப் பெரியம்மா. தினமும் எனக்குத் தலை பின்னிவிட்டதும் அவர்தான். வருகிறவள் இன்ன தேதிக்கு வருவேன் என்று நாள் குறித்துச் சொல்லியிருக்க மாட்டாளா என்று அவர் கேட்டார்.

ஆண்கள் கதை இன்னும் வேடிக்கை. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் அந்த வாரம் செகண்ட் ஷிப்ட், கடைசிக் காட்சியைப் பார்க்கவே இல்லை. வந்தவர்களுக்குச் சோறு போட்டபடியே அவரவர் மனைவி கதையைச் சொல்லி, கட்சியிலும் சேர்த்துவிட்டார்கள். மறுநாள் சுரங்க வேலைக்குப் போகும் மைன்ஸ் பஸ்ஸில், பார்க்காத காட்சிக்காக இரண்டு பேரும் மல்லுக்கு நின்றார்களாம்.

ஒரு வாரத்தில் மற்றவர்கள் அடங்கிவிட்டார்கள். அம்மாவும் பெரியம்மாவும் மட்டும் விடவில்லை. காம்பவுண்டுச் சுவருக்கு மேலே குழம்புக் கிண்ணம் போய்வருவதுகூட நின்றது. பெரியப்பா ரிட்டயர் ஆகிறார், குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு நெல்லிக்குப்பத்தில் கட்டிய வீட்டுக்குப் போகப் போகிறார்கள் என்பது எனக்கும் தெரியும். பண்ருட்டியில் பஸ் மாறினால் ஆயிற்று, இதென்ன தூரம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அம்மா அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. செடியைப் பற்றியே பேசினாள். இப்போது நினைத்தால் அந்த இரண்டு பேர் மேலும் அப்படியொரு பிரியம் வருகிறது. அப்போது எனக்கிருந்த ஒரே கவலை, பெரியம்மா தோற்காமலே ஊருக்குப் போய்விடுவாரே என்பதுதான்.

லாரி வந்தது. அம்மா வெளியே வரவில்லை; அடுப்படியில் கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். பெரியம்மாதான் உள்ளே வந்தார்.

"நீ சொன்னதுதாண்டி சரி. அவ வந்துருவா."

அம்மா திரும்பாமலே, "இல்லக்கா, நீங்க சொன்னதுதான் சரி. நாள் சொல்லாம போறவ வரமாட்டா" என்றாள்.

"வருவான்னு நான் சொல்றேன் இல்ல? பேச ஆளில்லாத வூட்ல எத்தினி நாளு குந்திக்கினு இருப்பா?"

அம்மா ஈரக் கையோடு அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. எதிர்க்கட்சித் தலைவியே சரணடைந்துவிட்டார். லாரி கிளம்புவதற்குள் எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டுமென்று வாசலுக்கு ஓடி, "பெரியம்மா ஒத்துக்கிட்டாங்க, அவ வருவாளாம்" என்று கத்தினேன். வழியனுப்ப நின்றவர்களில் பாதிப் பேர் எங்கள் கட்சிதான். ஒருவர்கூடக் கைதட்டவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஜெயித்த பிறகும் ஏன் அழுகிறார்கள் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.